ஒரு காம்புக்குப் பத்து முட்டி

குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்துவிட்டால் மறுபடி உட்கார முடியவில்லை. தன்ஷிகாவின் முட்டி இரண்டிலும் யாரோ ஆற்று மணலைக் கொட்டித் தைத்துவிட்டது போல நெறுநெறுப்பு. கட்டைவிரல்கள் பால் பீச்சிப் பீச்சி உள்பக்கமாக மடங்கி நின்றுவிட்டன. விடிந்ததும் வெந்நீரில் முக்கி ஒவ்வொன்றாக நிமிர்த்தினால்தான் அன்றைய வேலைக்கு ஆகும். இடுப்பு என்று ஒன்று இருப்பது மற்றவர்களுக்கு எப்போதாவது ஞாபகம் வரும். அவளுக்கு அது மறந்ததே இல்லை.

வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெற்றவர்கள் அந்தக் காலத்து நாகரிகப்படி, எழுத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, தன்ஷிகா என்று பேர் வைத்தார்கள். மகள் குளிர்ந்த அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள் என்று நினைத்து வைத்த பேர். அவள் மாட்டு மடிக்குக் கீழே உட்கார்ந்தாள்.

காங்கேயத்துக்குத் தெற்கே, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளைத் துண்டு துண்டாக வாங்கி ஒன்றாக வளைத்து உண்டாக்கியது ஆதிமடிப் பண்ணை. எல்லாம் நாட்டு மாடுகள். நாட்டு மாடு மிஷினுக்குப் பால் விடாது. கன்றுக்குட்டி முகத்துக்கு நேரே நிற்க வேண்டும், கீழே பழகின கை இருக்க வேண்டும். இல்லையென்றால் பாலை மேலே இழுத்துக்கொண்டு உதைக்கும். அதனால் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுடைய கைக்குப் பழகின மாடுகள் என்று பிரித்து விட்டிருந்தார்கள். நகரத்துக்குப் போகும் பாட்டிலில் "கையால் கறந்தது, மூலிகையால் காத்தது" என்று எழுதி, ஒரு கையின் படம் போட்டிருந்தது. வளையல் போட்ட, விரல் நேராக நீண்ட கை. பண்ணையில் அப்படி ஒரு கை யாருக்கும் இல்லை.

மூலிகை விஷயத்தை, வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் மகிழன் எல்லாரையும் கொட்டகையில் உட்காரவைத்து விளக்கினான். முப்பது வயசுகூட ஆகாத பையன், கெட்டவன் இல்லை, போனில் வருவதை அப்படியே வாயில் விடுகிற ரகம்.

"பழைய ஊசி மருந்தெல்லாம் கிருமிக்குப் பழகிப் போச்சுங்க்கா. கிருமி இப்ப அதை டீ மாதிரி குடிக்குது. மாட்டுக்கு இனி பிரண்டையும் கத்தாழையுந்தான் கதி. அதனால கெவருமெண்டு அதையெல்லாம் மாட்டுக்குன்னே ஒதுக்கிருச்சு."

ஒதுக்கிவிட்டது என்றால் சும்மா ஒதுக்கவில்லை. வேலியோரத்துப் பிரண்டை, வாய்க்கால் நொச்சி, குப்பைமேட்டுக் குப்பைமேனி, எதையும் விடாமல் வண்டி வண்டியாக அறுத்துக்கொண்டு போனார்கள். மிச்சத்தைக் கம்பி வேலிக்குள் பயிர் வைத்தார்கள். பட்டியலில் ஏறின செடியை மனிதர் பறித்தால் குற்றம். மாடு மேய்ந்தால் பாரம்பரியம். மனிதர்களுக்கு மாத்திரை இருந்தது. தன்ஷிகா வலி மாத்திரை தின்று தின்று வயிறு புண்ணாகி, இனிமேல் தின்றால் ரத்தமாகத்தான் போகும் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓய்வெடுக்கச் சொல்லி எழுதியும் கொடுத்தார்கள். அதை எந்தக் கடையில் வாங்குவது என்று எழுதவில்லை.

மாடுகளுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் ஒரு பட்டை. அதில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி. தோலில் ஒட்டி நின்று, நரம்பில் ஓடும் நோவைப் பிடித்து, எங்கே, எவ்வளவு, எத்தனை நாளாக என்று வாய்விட்டுச் சொல்லும். அதுவும் மாடே சொல்வது போலச் சொல்லும். சென்னையில் எங்கோ ஒரு பெண் பதமாகப் பேசிக்கொடுத்த குரல். "நான் மயிலை. எனக்கு வலது முன்காலில் வலி" என்று பட்டை பேசும்போது பண்ணையைப் பார்க்க வந்த வாடிக்கையாளர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பட்டை பேசினதும் மருந்துக் கூடத்து மிஷின், அந்த நோவுக்கு உண்டான மூலிகையை இடித்து, உருட்டி, வாழையிலையில் வைத்து வெளியே தள்ளும்.

மயிலை தன்ஷிகாவின் மாடு. சாம்பலும் வெள்ளையுமான தோல், திருப்பிய கொம்பு, யாரையும் நம்பாத கண். மற்றவர்கள் பக்கத்தில் போனால் உதைக்கும். தன்ஷிகா போனால் மட்டும், வேறு வழியில்லையே என்பது போலப் பெருமூச்சு விட்டுப் பால் இறக்கும்.

இந்தச் சங்கதி ஆரம்பித்தது கழுவுகிற நேரத்தில். மாட்டுக் கயிற்றைத் தரையில் போடுவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. போட்டால் யாராவது தாண்டுவார்கள், தாண்டினால் மாட்டுக்கு ஆகாது என்று ஒரு பயம். அதனால் மாட்டைக் கழுவும்போது அவிழ்த்த கயிற்றைத் தங்கள் கழுத்திலேயே மாலை போலப் போட்டுக்கொள்வார்கள். தன்ஷிகாவும் மயிலையின் பட்டையைக் கழற்றி, கை போன போக்கில், தன் கழுத்தில் போட்டுக்கொண்டு நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து, அப்படியே தீவனப்புல் அறுத்து, கட்டுச் சுமந்து கொட்டகைக்கு வந்தபோதுதான் கழுத்திலிருந்து குரல் வந்தது.

"நான் மயிலை. எனக்குப் பின்கால் முட்டிகள் இரண்டிலும் கடுமையான வலி. இடுப்பில் பழைய வலி. முன்கால் நுனிகள் மடங்கியுள்ளன. காலையிலிருந்து நான் சரியாகத் தின்னவில்லை. நான் களைத்திருக்கிறேன்."

தன்ஷிகா புல்லுக்கட்டைக் கீழே போடாமல் நின்றாள். கட்டியவன் இருந்த காலத்தில் அவன் கேட்டதில்லை. மகன் திருப்பூரிலிருந்து போன் பண்ணினால் மழை பெய்ததா என்று கேட்பான். அவளாகவும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. இப்போது ஒரு நல்ல குரல், மரியாதையான தமிழில், அவள் உடம்பில் இருப்பதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டது. காலையிலிருந்து தின்னாததுகூடத் தெரிந்திருக்கிறது. புல்லுக்கட்டு தலையில் இருக்க, கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை.

மருந்துக் கூடத்தில் மிஷின் தள்ளின உருண்டை தேங்காய் அளவு இருந்தது. பிரண்டை, முடக்கத்தான், நொச்சி. கூடவே தடவுவதற்கு ஒரு செம்பு எண்ணெய். மயிலைக்குப் போடத்தான் கொண்டுபோனாள். மயிலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கு முட்டியில் ஒன்றும் இல்லையே, எதற்குத் தின்னும். வீணாக்குவானேன் என்று தன்ஷிகா ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி வாயில் போட்டாள். தொண்டை அரித்தது. எண்ணெயை முட்டியில் தேய்த்தாள்.

ஒரு வாரம் போல ஆனதும் அவள் உட்கார்ந்து, கையூன்றாமல் எழுந்தாள். அதை முதலில் பார்த்தவள் ரிதன்யா. பக்கத்து வரிசை மாடுகளைக் கறப்பவள், தன்ஷிகாவைவிட நாலைந்து வயது இளையவள், வாய் மட்டும் எல்லாரையும்விட மூத்தது. எந்த டாக்டரைப் பார்த்தீர்கள் என்று துளைத்து எடுத்தாள். மயிலையின் பட்டை என்று தெரிந்ததும், இத்தனை நாள் மாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில் தப்பே இல்லை என்றாள். அப்புறம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கேட்டாள்.

மிச்சம் நிறைய இருந்தது. ஒரு மாட்டு உடம்புக்கு உண்டான அளவு. ரிதன்யா வந்தாள், அவள் பின்னால் சாணி அள்ளுகிற இரண்டு பேர், பால் கேன் தூக்குகிற ஒருத்தி. மொத்தம் ஐந்து பெண்கள், பத்து முட்டி. தீவனக் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளித் தின்று, எண்ணெயைத் தேய்த்துக்கொள்வார்கள். சாணி அள்ளுகிறவள் ஒருநாள் மாடு மாதிரியே கத்திக் காட்டினாள். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தன்ஷிகா பட்டையைக் காலைக் கறவை முடிந்ததும் கழற்றி, சேலை முந்தானைக்குள் போட்டுக்கொண்டு, மாலைக் கறவைக்கு முன்னால் திருப்பி மாட்டிவிடுவாள். மருந்து தடைபடாமல் வர வேண்டுமென்றால் வலி தடைபடாமல் தெரிய வேண்டும். அந்த வேலையை அவள் உடம்பு குறைவில்லாமல் செய்தது.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒருநாள் விடியக்காலம் கறக்கும்போது மயிலையின் பின்பக்க இடது காம்பு கையில் சுட்டது. முதல் பீச்சலில் தயிர் போல ஒரு கட்டி விழுந்தது. மடிநோய். மாட்டோடு பழகின எவருக்கும் தெரிகிற சங்கதி. கற்றாழைச் சோறும் மஞ்சளும் துளி சுண்ணாம்பும் சேர்த்து அரைத்து, பொழுதுக்கும் விட்டு விட்டுத் தடவினால் அடங்கிவிடும். பண்ணையில் வேலிக்குள் ஒரு ஏக்கர் கற்றாழை இருந்தது. அதை அறுக்கச் சாவி மிஷினிடம் இருந்தது.

பட்டை மயிலையின் கழுத்தில் இருந்த பொழுதில் அது மடிவலியைச் சொல்லத்தான் செய்தது. மிஷின் கேட்டுக்கொண்டு, முட்டி மருந்து நாற்பத்தெட்டு நாள் மண்டலமாக ஓடிக்கொண்டிருக்கிறது, மண்டலம் முடிந்ததும் மடி கவனிக்கப்படும் என்று பதில் சொன்னது. மிஷினுக்கு நிரல் எழுதினவர்கள் பாரம்பரியத்தில் குறை வைக்கக் கூடாது என்று மண்டலக் கணக்கைச் சேர்த்துவிட்டார்கள். பாதியில் முறிக்க வேண்டுமென்றால் மகிழனிடம் போய்க் காரணம் சொல்ல வேண்டும். அவன் வந்து மாட்டைப் பார்ப்பான். முட்டியில் ஒன்றுமில்லாத மாடு எப்படி இத்தனை நாள் முட்டிக்கு மருந்து தின்றது என்று கேட்பான்.

அன்று கொட்டகைக்குப் பின்னால் தன்ஷிகா விஷயத்தைச் சொன்னாள். யாரும் உருண்டையில் கை வைக்கவில்லை. கேன் தூக்குகிறவள் தன் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள். ரிதன்யாதான் பேசினாள்.

"ஏனுங்க்கா, ஒரு காம்புக்குப் பத்து முட்டிங்களா?"

"காம்பு போயிருமடி. அப்பறம் வராது."

"மாட்டுக்கு நாலு காம்பு இருக்குதுங்க்கா. எனக்கு இருக்கறது ரெண்டு முட்டிதான். நான் ஒண்ணும் வேண்டாங்கல. மண்டலம் முடியட்டும், சித்தெ பொறுங்க, அப்பறம் சொல்லிக்கலாம்."

ரிதன்யாவை ஏசுவதற்குத் தன்ஷிகாவுக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அவளே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று காலையில்தான் படி ஏறியிருந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல் ஏறியிருந்தாள். அதை விட்டுவிட்டு மறுபடி தவழ்வதற்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டிலிருந்து மஞ்சளை எடுத்து வந்து தண்ணீரில் குழைத்து மடியில் தடவினாள். கற்றாழை இல்லாத வெறும் மஞ்சள். இன்றைக்கு ஒன்றும் ஆகாது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாட்டுக்குச் சொல்வது போலத் தனக்கே சொல்லிக்கொண்டாள். மயிலை உதைக்கவில்லை. வலிக்கிற மடியை அவள் கைக்குக் கொடுத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

மண்டலம் முடிவதற்குள் காம்பு கல்லானது. பிறகு சுருங்கியது. பிறகு அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. மற்ற மூன்றில் பால் குறையாமல் வந்ததால் கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. மடியைக் குனிந்து பார்க்கிற வழக்கம் பண்ணையில் எப்போதோ நின்றுபோயிருந்தது. பட்டை இருக்கும்போது எதற்குக் குனிய வேண்டும்.

அடுத்து வந்தது இன்னொன்று. மயிலை ஒருநாள் காலையிலிருந்து கத்த ஆரம்பித்தது. சும்மா கத்தல் இல்லை. வாலைத் தூக்கிக்கொண்டு, கயிற்றை இழுத்துக்கொண்டு, பக்கத்து மாட்டின் மேல் ஏறப் பார்த்துக்கொண்டு, வாடை பிடித்து மேற்கே காளைக் கொட்டகையைப் பார்த்துக் கத்தியது. பின்னால் கண்ணாடிச் சரம் போலக் கோழை தொங்கியது. காளைக்கு நிற்கிறது என்று ரோட்டில் போகிற பஸ் டிரைவர்கூடச் சொல்லிவிடுவான். மகிழன் வந்தான், போனைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான்.

"பருவம் இல்லைன்னு வருதுங்க்கா."

"தம்பி, மாட்டைப் பாருங்க."

"மாடு கத்துறது எனக்கும் கேக்குதுங்க. ஆனா பட்டை சொல்லலையே. பருவம் நின்னு ரெண்டு வருசம் ஆச்சுன்னு போட்டிருக்குது. அந்த வருத்தத்துலதான் கத்துதாம். மனச்சோர்வுன்னு காட்டுது."

நின்று இரண்டு வருடம் ஆனது யாருக்கு என்று தன்ஷிகாவுக்குத் தெரியும். பட்டை பகலெல்லாம் அவள் மேல் இருந்தது, ராத்திரியில் மாட்டின் மேல் இருந்தது. ஒரே மாட்டுக்குப் பகலில் பருவம் நின்றும் ராத்திரியில் நிற்காமலும் இருந்தால் எதை எடுத்துக்கொள்வது என்று மிஷினுக்குக் குழப்பம் வரும். வந்தால் செலவு குறைவான பதிலை எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு.

மனச்சோர்வுக்கு மிஷின் வல்லாரை உருண்டை தள்ளியது. மயிலை அதைத் தின்றுவிட்டு இன்னும் பலமாகக் கத்தியது. மறுநாள் போனில் பட்டியல் வந்தது. பண்ணையில் அதற்கு விடைபெறும் பட்டியல் என்று பேர். சினை பிடிக்காத மாடு, மருந்துச் செலவு கூடின மாடு, எல்லாம் அதில் ஏறும். வியாழக்கிழமை ஒரு லாரி வரும். லாரியின் பக்கத்தில் "நன்றி, தாயே" என்று எழுதி, ஒரு விளக்குப் படம் போட்டிருக்கும். போன மாட்டைப் பிறகு யாரும் பார்த்ததில்லை. லாரி திரும்பி வரும்போது கழுவி வரும்.

பட்டியலில் ஏறும் மாட்டின் சம்மதமும் வாங்கிவிடுவார்கள். அதுவும் சட்டம். மகிழன் மயிலையின் பட்டையை அழுத்தினான். மாடு காளையைப் பார்த்துக் கத்துகிற சத்தத்துக்கு நடுவில், அந்தப் பதமான குரல் பேசியது. "நான் மயிலை. என் கடமைகள் நிறைவடைந்தன. நான் விடைபெற விரும்புகிறேன்."

மகிழன் தலையைக் குனிந்துகொண்டான். பையன் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தன்ஷிகா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும். ஒதுக்கப்பட்ட மூலிகையைத் தின்றதற்குக் கேஸும் வரும். மற்ற நாலு பேரும் மாட்டிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை லாரி. ரிதன்யாவிடம் போய், நான் சொல்லப் போகிறேன், உங்கள் பேர் வராது என்று மட்டும் சொன்னாள். ரிதன்யா அவளைத் தடுக்கவில்லை. வேலை போனால் சோற்றுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

ஆபீசில் மகிழனுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு திரை. அதில் தலைமை மருத்துவர் இளநகை இருந்தார், சென்னையிலிருந்து. தன்ஷிகா நின்றபடி சொன்னாள். மயிலைக்கு முட்டி வலி கிடையாது, பருவமும் நிற்கவில்லை, இரண்டும் தன்னுடையது, மருந்தைத் தின்றதும் தான்தான் என்றாள். மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாசத்தில் இப்படிப் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்வது வேலையாட்களிடம் சகஜம் என்று மகிழனுக்கு விளக்கினார். பட்டை லட்சம் மாடுகளில் சோதித்தது, தப்பே சொல்லாது என்றார்.

"தப்புச் சொல்லலைங்க மேடம். சரியாத்தான் சொல்லுச்சு. ஆளுதான் மாறிப் போச்சு."

"ஒரு வேளை உருண்டை எவ்வளவு இருக்கும்னு தெரியுமாம்மா? அதை ஒருத்தியே எப்படித் தின்னிருக்க முடியும்?"

"பசிங்க மேடம்."

மகிழன் மேசையைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். தன்ஷிகா, வரும்போது மயிலையிடமிருந்து கழற்றி வந்திருந்த பட்டையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்தாள். கழுத்தில் மாட்டிக் கொக்கியைப் போட்டாள். அரை மணி நேரம் யாரும் போகச் சொல்லவுமில்லை, உட்காரச் சொல்லவுமில்லை. வெளியே மயிலை கத்திக்கொண்டிருந்தது. பிறகு பட்டை பேசியது.

"நான் மயிலை. எனக்கு இடுப்பில் வலி. பருவம் நின்றுவிட்டது. நான் பயந்திருக்கிறேன்."

ஜன்னல் வழியாக மகிழன் மாட்டைப் பார்த்தான். அது பயந்தது போலத் தெரியவில்லை. வேலிக் கம்பியை முட்டிக்கொண்டிருந்தது.

திரையில் மருத்துவர் முன்னால் சாய்ந்து வந்தார். போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்று தன்ஷிகா நினைத்தாள். அவர் கேட்டது வேறு.

"எத்தனை நாள் இதைப் போட்டிருந்தீங்க? அத்தனை நாளும் பதிவாகியிருக்கா?"

அவர் குரலில் கோபம் இல்லை, சந்தோஷம் இருந்தது. மாட்டுக்குச் செய்த பட்டை மனிதருக்கும் வேலை செய்கிறது. அதையும் ஒரு மாதத்துக்கு மேலாக, பைசா செலவில்லாமல், ஒருத்தி சோதித்துக் கொடுத்திருக்கிறாள். மயிலையை அன்றே பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மாலையில் காளை வந்தது. வல்லாரையால் அடங்காத மனச்சோர்வு அதோடு அடங்கியது.

கேஸ் எதுவும் போடவில்லை. அதற்குப் பதிலாக விழா வைத்தார்கள். கொட்டகையில் பந்தல், தோரணம், ஒலிபெருக்கி. ஆதிமடிப் பண்ணை தன் பணியாளர்களைக் கால்நடைகளுக்குச் சமமாக நடத்தும் முதல் நிறுவனம் என்று ஒருவர் பேசினார். யாரும் சிரிக்கவில்லை, அது நிஜமாகவே சம்பள உயர்வைவிடப் பெரிய விஷயமாக இருந்தது. பெண்கள் வரிசையில் நின்று பட்டை வாங்கிக்கொண்டார்கள். சட்டத்தில் ஒரு வரி திருத்தி, பதிவு செய்த பட்டை அணிந்த எந்த உயிரும் மூலிகை பெறலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ரிதன்யா மேடையிலேயே தன் பட்டையை அழுத்திப் பார்த்தாள். "நான் ரிதன்யா. எனக்குக் குதிகாலில் வலி" என்றதும், என் வீட்டுக்காரனுக்கும் ஒண்ணு கொடுங்க, அவன் வாயிலிருந்து இப்படி ஒரு நல்ல வார்த்தை வரட்டும் என்று மைக்கில் கேட்டாள். தன்ஷிகாவுக்குச் சால்வை போட்டார்கள். அவளால்தான் எல்லாருக்கும் மருந்து என்று கேன் தூக்குகிறவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மருந்தும் ஒழுங்காக வந்தது. நெல்லிக்காய் அளவில், ஆளுக்கு அளந்து வந்தது. மண்டலத்துக்கு ஒரு நோவு. தன்ஷிகாவுக்கு முட்டி முடிந்து இடுப்பு, இடுப்பு முடிந்து கட்டைவிரல். மாசங்கள் போயின. மயிலையின் வயிறு இறங்கியது. மகிழன் அவளைப் பார்த்தால் எழுந்து நின்று பேசுகிற அளவுக்கு மரியாதை கூடியிருந்தது.

அப்படி எழுந்து நின்றுதான் ஒருநாள் போனை நீட்டினான். தன்ஷிகா படித்தாள். அவளுடைய பதிவு எண், வயது. பருவம் நின்றது. மூட்டுத் தேய்மானம். மருந்துச் செலவு, வேலை அளவைவிடக் கூடுதல். மேலே, விடைபெறும் பட்டியல் என்று இருந்தது. மிஷினுக்கு ஒரே நிரல்தான். மனிதர்களுக்கென்று தனியாக எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சமமாக நடத்துவதாகத்தானே மேடையில் சொன்னார்கள்.

"நான் போறேன்னு சொல்லவே இல்லையே தம்பி."

மகிழன் கையை நீட்டி, தங்கை கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்வது போல மெதுவாக, அவள் கழுத்துப் பெட்டியை அழுத்தினான்.

"நான் தன்ஷிகா. என் கடமைகள் நிறைவடைந்தன. நான் விடைபெற விரும்புகிறேன்."

"பட்டை சொல்லிருச்சுங்க்கா," என்றான் அவன். கண் கலங்கியிருந்தான். இந்த முறையும் நிஜமாகத்தான்.

பயப்படாதீங்க, உங்களை லாரியில ஏத்த மாட்டாங்க, கணக்கு முடிச்சுக் காசு கொடுத்து பஸ் ஏத்திவிடுவாங்க என்று அவன் சமாதானம் சொன்னான். அதுவும் நடந்தது. வரவேண்டியதை ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்தார்கள். பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கழுத்தைத் துடைத்துக்கொள்ள ஈரத்துணிகூடக் கொடுத்தார்கள். ரிதன்யா கேட் வரைக்கும் வருகிறேன் என்றாள். தன்ஷிகா கொட்டகைக்குப் போய்விட்டு வருகிறேன், நீ வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டாள்.

மயிலை முந்தின நாள்தான் ஈன்றிருந்தது. கிடாரிக் கன்று. இன்னும் கால் நிலைக்கவில்லை; நாலு காலையும் நாலு திசைக்கு அகட்டி நின்றுகொண்டு மடியைத் தேடியது. மயிலை தன்ஷிகாவைப் பார்த்து வழக்கம்போலப் பெருமூச்சு விட்டது. அவள் கறக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பின்காலை நகர்த்தி இடம் விட்டது. நாளைக்கு இதை யார் கறப்பார்கள், யார் கைக்கு இது பால் விடும் என்று பண்ணையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கன்று முதலில் பிடித்தது பின்பக்க இடது காம்பை. சப்பியது. தலையால் ஒரு முட்டு முட்டிவிட்டு மறுபடி சப்பியது. ஒன்றும் வரவில்லை. காம்பை விட்டுவிட்டு, தப்பு தன்னுடையதுதான் என்பது போலத் திரும்பி அவளைப் பார்த்தது. பிறகு அடுத்த காம்புக்குப் போனது. கொஞ்ச நேரம் குடித்துவிட்டு, பசி அடங்காமல், செத்த காம்புக்கே திரும்பி வந்து முட்டியது.

தன்ஷிகா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முட்டி வலிக்கவில்லை. கன்றின் வாயைப் பிடித்து, பால் வருகிற காம்பில் வைத்தாள். பண்ணைக்கும் அவளுக்கும் கணக்குத் தீர்ந்துவிட்டது. ரிதன்யாவுக்கும் மற்றவர்களுக்கும் அவள் ஒன்றும் பாக்கியில்லை. இந்தக் கன்றுக்கு மட்டும் ஒரு காம்புப் பால் கடன்.